வாசம் குறைந்த தாளிசபத்திரி

செப்டம்பர் 12

வந்து சேர்ந்துவிட்டேன். திருநெல்வேலியில் ரயில் ஏறியதிலிருந்து இடுப்பு என்னுடையதாக இல்லை. ரயிலை விட்டு இறங்கினால் மாப்பிள்ளை அனுப்பிய ஜீப். வளைவுக்கு வளைவு நெல்லையப்பரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். சிம்லாவையும் தாண்டி இவ்வளவு மேலே மனுசர் குடியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்கவேண்டும், எங்கள் வழக்கம் அது. ஆனால் என் மகள் உலகம்மைக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம். அசையக் கூடாது, பயணம் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மகள் வர முடியாவிட்டால் தாய் வீடு கிளம்பிப் போகவேண்டியதுதான் என்று நானே பெட்டியைக் கட்டினேன். "மாப்பிள்ளை வீட்டுல போயி உக்காந்து பிள்ளைப்பேறு பாக்கப் போறாளாக்கும்" என்று நாத்தனார் இழுத்தாள். இழுக்கட்டும்.

மாப்பிள்ளை குற்றாலநாதன் நீர்மின் திட்டத்தில் என்ஜினீயர். மலையைக் குடைந்து சுரங்கம் போடுகிற வேலை. குடியிருப்பு வீடு சின்னது. சன்னலைத் திறந்தால் காடு.

உலகம்மைக்கு ஏழாம் மாசம். இருமுகிறாள். ஒவ்வொரு இருமலுக்கும் வயிற்றைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொள்கிறாள். இருமி இருமி ரத்தம் கண்டுவிட்டால் பிள்ளைக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து. நாட்டு மருந்துக் கடைக்காரி நான், வெறுங்கையோடா வருவேன்?

செப்டம்பர் 13

காலையில் முதல் வேலையாக இருமலுக்குத் தாளிசாதிச் சூரணம் இடித்தேன். தாளிசபத்திரி, சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கற்கண்டு எல்லாம் முழுசாகக் கொண்டுவந்திருந்தேன். பொடியாக வாங்கினால் அதில் எவன் எதைக் கலந்தானோ. கடையில் எடை போடுவதும் இடிப்பதும் சலிப்பதும் நான்தான். என் வீட்டுக்காரவுக கல்லாவில் உட்கார்வதோடு சரி.

தாளிசபத்திரியில் வாசம் கம்மியாக இருந்தது. இந்தத் தடவை புதுப் புரோக்கர் அனுப்பிய மூட்டை, எங்கேயோ கிடந்து பழசாகியிருக்கும். வாசம் குறைந்தால் அளவைக் கூட்டு என்பது என் மாமனார் காலத்துக் கடை வழக்கம். இரட்டிப்பாகப் போட்டு இடித்தேன். நாக்கில் தொட்டால் கசப்பு தூக்கலாகத்தான் இருந்தது. கசந்தால்தானே மருந்து.

உலகம்மை முகத்தைச் சுளித்தாள். "டாக்டர் குடுத்ததே போதும்மா."

"ஏட்டி, ஊருக்கெல்லாம் குடுக்கேன், பெத்த பிள்ளைக்குக் குடுக்கமாட்டேனா? நாட்டு மருந்து, ஒண்ணும் செய்யாது. தேன்ல கொழைச்சிருக்கேன், முழுங்கு."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கிண்ணம் துடைத்த மாதிரி இருந்தது. வாயால் எதிர்த்தாலும் சொல்பேச்சு கேட்கிற பிள்ளைதான்.

செப்டம்பர் 15

இன்று ஒரு அதிசயம். சாயங்காலம் மாப்பிள்ளை சன்னல் பக்கம் கூப்பிட்டார். "அத்தை, அந்தா கூம்பு மாதிரி நெட்டுக்கு நிக்கில்லா, அதுதான் உங்க தாளிசபத்திரி மரம். போன்ல தேடிப் பாத்தேன்."

எனக்கு நம்பவே முடியவில்லை. வாழ்நாளெல்லாம் இந்த இலையை நிறுத்து விற்றிருக்கிறேன். காய்ந்து நொறுங்கி, சாக்கு அடியில் தூளாகத்தான் பார்த்திருக்கிறேன். அது ஏதோ செடி, இடுப்பளவு இருக்கும் என்று மனசில் ஒரு எண்ணம். இது என்னடாவென்றால் நெல்லையப்பர் கோவில் கோபுரம் உயரம் போகும்போல் இருக்கிறது. சிரிப்பாக வந்தது. மருமகளின் நகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆளை அளந்த கதைதான்.

நாளைக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டும்.

செப்டம்பர் 18

இரண்டு நாளாக மழை, இன்றுதான் விட்டது. கீழ்வீட்டு பிம்லா கூட்டிப்போனாள். ஆப்பிள் தோட்டக்காரி, பேரன் பேத்தி எடுத்தவள், ஆள் வாட்டசாட்டம். தில்லி, அமிர்தசரஸ் புரோக்கர்களோடு போனில் சண்டை போட்டுப் பழகிய இந்தி என்னுடையது. மரியாதைச் சொல் ஒன்றும் வராது, பேரம் நன்றாக வரும். அதற்கே பிம்லா "வடிவு ஜீ, வடிவு ஜீ" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

இந்த ஊரில் மரத்துக்குப் பேர் தோஷ். அடிமரத்தை நாலு பேர் கை கோத்தால்தான் கட்ட முடியும். இலை என்று சொல்வதா ஊசி என்று சொல்வதா, விரல் நீளத்துக்குத் தட்டையாக இருக்கிறது. நுனி குத்தாது, பிளந்த மாதிரி இரண்டாக முடிகிறது. அடியில் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் கோடு, திருநீற்றை ஈர்க்குச்சியால் இழுத்த மாதிரி. கசக்கி முகர்ந்தேன். எலுமிச்சந்தோலும் கற்பூரமும் கலந்த வாசம் மூக்கை விட்டுப் போகவே இல்லை.

பைன் மரத்தில் காய் தலைகீழாகத் தொங்கும் என்று பிம்லா சொன்னாள். தோஷில் மட்டும் கிளைமேல் நட்டுக்குத்தலாக, மெழுகுத்திரி நிறுத்தி வைத்ததுபோல் நிற்கிறது, கருநீல நிறத்தில். அதுவும் உச்சியில்தான். என் ஆசை எல்லாம் அந்தக் காயில் ஒன்று வேண்டும் என்பது. கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பான். அடியில் தேடு தேடென்று தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 21

மழை. இருமல் அப்படியே இருக்கிறது. நான் காலையும் மாலையும் தவறாமல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செப்டம்பர் 24

இன்று பிம்லா ஒரு தோஷ் கன்றைக் காட்டினாள். பெரிய மரங்களுக்கு அடியில், என் முழங்கால் உயரம். போன மழைக்கு முளைத்ததா என்று கேட்டேன். பிம்லா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோதும் அது ஏறக்குறைய இவ்வளவுதானாம். இப்போது அவளுக்கே மருமகள் வந்தாயிற்று.

நான் உட்கார்ந்து பார்த்தேன். தண்டில் வருஷத்துக்கு ஒரு சுற்றுக் கிளை விடும், அதை வைத்து வயசு பார்க்கலாமாம். சுற்றுகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. வெயில் வேண்டும் என்று அடம் பிடிக்காமல், சாகவும் சாகாமல், நிழலிலேயே காத்துக் கிடக்குமாம். பெரிய மரம் ஒன்று விழுந்து வெளிச்சம் வந்ததும் விறுவிறுவென்று மேலே போகுமாம்.

வீட்டுக்கு வந்து உலகம்மையிடம் சொன்னேன். "மாமியா இருக்க மட்டும் மருமக தலை நிமிராத கதைதாண்டி."

"அதெல்லாம் உங்க காலத்து மரம்மா" என்றாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று.

மரத்தைப் பற்றி இன்னும் கேட்டு வந்தேன். முன்னெல்லாம் வீட்டுக் கூரைக்கு இதன் பலகையைத்தான் ஓடு மாதிரி பிளந்து அடுக்குவார்களாம். ஆப்பிள் பெட்டியும் இதில்தான், இப்போது அட்டைப் பெட்டி வந்துவிட்டது. பலகைக்கு எடை இல்லை, இலைக்கு இருக்கிற வாசமும் இல்லை, அதனால் பழத்தில் மணம் ஏறாது. ஈரத்தில் வைத்தால் மட்டும் சீக்கிரம் உளுத்துவிடும். கிளையை வெட்டி மாட்டுக்குக் கீழே பரப்புவது இன்னும் நடக்கிறது. அது சாணியோடு மக்கி ஆப்பிள் தோட்டத்துக்கு உரமாகிறது. இவ்வளவு பேருக்கு உழைக்கிற மரத்தை நாங்கள் இருமலுக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

மாப்பிள்ளையின் மீசையில் தேன் ஒட்டியிருந்தது. கிண்ணத்தில் மிச்சம் மீதியை நக்குகிறார்போல. பாவம், தேன் என்றால் ஆசை. நாளைக்கு அவருக்குத் தனியாக ஒரு கரண்டி வைக்கவேண்டும்.

செப்டம்பர் 28

மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. சொதி வைத்தேன், தேங்காய் கிடைக்க எவ்வளவு பாடு. இரண்டு வாய் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, உப்புக் கரிக்கா?"

"இல்லத்தை, தல லேசாச் சுத்துது. வயிறும் ஒரு மாதிரி இருக்கு."

சுரங்கத்துக்குள் காற்று எப்படி இருக்குமோ. பெருங்காயம் பொரித்து மோரில் போட்டுக் கொடுத்தேன்.

தோஷ் காய் இன்னும் கிடைக்கவில்லை. ஏன் கீழே விழுவதே இல்லை என்று பிம்லாவிடம் கேட்டால், "விழாது. ஐப்பசி நெருங்கும்போது பார்" என்கிறாள். ஐப்பசி என்று அவள் சொல்லவில்லை, அவள் சொன்ன மாசத்தை நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 2

பொழுது போகாமல் ஊரிலிருந்து கொண்டுவந்த தாளிசபத்திரியில் மிச்சத்தை முறத்தில் கொட்டி, முழு இலையாகப் பொறுக்கினேன். காட்டிலிருந்து பறித்து வந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

காட்டு இலை நீளம், கடை இலை குட்டை. காட்டு இலையின் நுனி பிளந்திருக்கிறது, கடை இலை கூராக இருக்கிறது. அடியில் வெள்ளைக் கோட்டைக் காணோம்.

காய்ந்ததில் அழிந்திருக்கும். மூட்டையில் ஒன்றோடு ஒன்று உரசினால் எந்தக் கோடுதான் நிற்கும்.

அக்டோபர் 4

இரண்டு நாளாகக் காட்டு இலையைக் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டேன். மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. சாக்குத் துணியில் போட்டு உரசியும் பார்த்தேன். கோடு போகவில்லை. வாசமும் போகவில்லை.

மலைக்கு மலை மண் வேறு, இலையும் கொஞ்சம் வேறாக இருக்கும். எங்கள் கடைக்கு இத்தனை காலத்தில் தப்புச் சரக்கு வந்ததில்லை. வந்திருந்தால் என் மூக்குக்குத் தெரிந்திருக்கும்.

சாயங்காலச் சூரணம் கொடுத்தேன். அளவைக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தேன். கடை இலை ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன், யாரிடமாவது காட்டலாம் என்று.

மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் வாந்தி எடுத்தார். விடுப்பு எடுங்கள் என்றால் கேட்கவில்லை.

அக்டோபர் 6

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் பிம்லாவோடு தழை வெட்டப் போனேன். அவள் மாடும் கூட வந்தது. தோஷ் மரங்களுக்கு அடியில், இருட்டான இடத்தில், ஒரு குட்டை மரம். குன்றிமணியைவிடப் பெரிதாகச் சிவப்புப் பழம். இலை தண்டின் இரண்டு பக்கமும் வரிசையாக, பார்த்ததும் தாளிசம் என்றுதான் நினைத்தேன். நான் கை நீட்டுவதற்குள் மாடு வாயை நீட்டியது. பிம்லா கயிற்றைச் சுண்டி இழுத்து மாட்டின் முகத்தில் ஒரு அடி வைத்தாள். அந்த மரம் ரக்காலாம். தின்றால் நெஞ்சு நின்றுபோகும், போன வருஷம் சாலை வேலைக்கு வந்த கோவேறு கழுதை ஒன்று நின்ற இடத்தில் விழுந்து செத்தது என்றாள்.

நான் ஒரு இலையைப் பறித்தேன். நுனி கூர். அடியில் வெள்ளைக் கோடு இல்லை, மங்கின மஞ்சள் பச்சை. வாசம் என்று ஒன்றும் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கடை இலையைப் பக்கத்தில் வைத்தேன். பச்சையும் காய்ந்ததும்தான் வித்தியாசம்.

இதைத்தான் வாசம் குறைச்சல் என்று இரட்டிப்பாகப் போட்டு இடித்திருக்கிறேன்.

எப்படி இறங்கி ஓடிவந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. உலகம்மை கட்டிலில் சாய்ந்து குட்டிச் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, சூரணம் எத்தன வேளை முழுங்குன? மறைக்காமச் சொல்லு."

அவள் முகம் மாறியது. "அம்மா, வையாத. நான் ஒரு வேளகூடக் குடிக்கல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அம்மை சொல்லைக் கேட்காத பிள்ளையைப் பெற்றதற்கு எந்தச் சாமிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் பயந்துபோய், "என்னம்மா, என்னம்மா" என்கிறாள்.

"நல்ல சோலி பாத்தட்டி. கொட்டிட்டேல்லா? எங்கன கொட்டுன? மாடு கீடு தின்னுறப்போவுது."

"கொட்டல."

"பின்ன?"

"கொட்டத்தாம்மா போனேன். அவுகதான், அத்தை அவ்வளவு தூரத்துலருந்து சொமந்துகிட்டு வந்து இடிச்சிருக்காக, சாக்கடையில ஊத்தாதன்னு வாங்கிக் குடிச்சிட்டாக. மொத நாளுலருந்து அப்படித்தான்."

மாப்பிள்ளை காலையிலேயே வேலைக்குப் போயிருந்தார். போன் போட்டால் போகவில்லை. சுரங்கத்துக்குள் இருந்தால் போகாது. உலகம்மை எழுந்திருக்கப் பார்த்தாள், அசையாதே என்று அதட்டி, பிம்லாவின் மருமகளை அவள் பக்கத்தில் உட்கார வைத்தேன். என் பின்னாலேயே ஓடிவந்திருந்த பிம்லா ஆப்பிள் ஏற்றுகிற வண்டியை எடுத்தாள். அந்தப் பாதையில் அவள் ஓட்டிய ஓட்டத்துக்கு ஒரு சாமி பேரும் என் வாயில் வரவில்லை.

சுரங்க வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார்.

திட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இரண்டு இலையையும் கொடுத்தேன். "நான்தான் குடுத்தேன். என் கையால குடுத்தேன்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் இலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாலு வசவு வைதிருந்தால் தேவலை.

அக்டோபர் 7

மாப்பிள்ளைக்கு நாடி மெதுவாக நடக்கிறதாம். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 8

நாடி தேறிவருகிறது. கலவையில் மற்ற சரக்கு இருந்ததாலும் வேளைக்குக் கொஞ்சமாகப் போனதாலும் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்ததும், "தேன் நல்லா இருந்துச்சு அத்தை" என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஏன் மாப்பிள்ளை இப்படிச் செஞ்சீங்க? குடிக்கலன்னு அம்மைகிட்டச் சொல்லிருன்னு அவகிட்டச் சொல்லியிருக்கலாம், இல்ல நீங்களாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"அவகிட்டச் சொன்னா அவ கோவிப்பா. உங்ககிட்டச் சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க. நடுவுல நான் என்ன செய்ய?"

"தூரக் கொட்டியிருக்கலாம்லா."

"நாட்டு மருந்துதானே, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்."

அது என் வாய்ச் சொல். கடையில் நின்று ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். பிள்ளைத்தாய்ச்சியிடம், கைப்பிள்ளைக்காரியிடம், தள்ளாடி வருகிற கிழவனிடம். அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 9

மூன்று நாளாக மாப்பிள்ளையைத் தவிர வேறு நினைப்பில்லை, இன்றுதான் ஊருக்குப் போன் செய்தேன். அவுகளிடம் மூட்டையைப் பிரித்து, இலையின் அடியில் வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். சாக்கைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"கோடு ஒண்ணும் இல்லையே வடிவு."

"அந்த மூட்டைய விக்கக் கூடாது. இதுவரைக்கும் வாங்கிட்டுப் போனவுக யாரு யாருன்னு உங்களுக்கு முகம் தெரியும். வீடு வீடாப் போயி திருப்பி வாங்குங்க."

"புரோக்கர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம். வெளியில தெரிஞ்சா கடை பேரு என்னாவது?"

"கடை பேரு போனாப் போகட்டும். ஒரு உசுரு போச்சுன்னா நீங்களும் நானும் எந்த முகத்த வச்சுக்கிட்டுக் கடையத் தொறப்போம்? வாசம் இல்லன்னு தெரிஞ்சும் அளவைக் கூட்டிப் போட்டவ நான். புரோக்கர அப்புறம் பாப்போம். இப்பக் கெளம்புங்க."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவுகளை இப்படி நான் அதட்டியது இதுதான் முதல். போனை வைத்துவிட்டார்கள். சாயங்காலம் அவுகளே கூப்பிட்டு, பேட்டை வரை போய்விட்டு வந்ததாகச் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லையாம். மிச்சத்துக்கு நாளைக்கும் போகிறார்களாம்.

அக்டோபர் 12

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். உலகம்மை அவரோடு பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. ஆனால் அவர் தட்டில் சோறு குறைந்தால் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

பிம்லா வந்து சன்னல் வழியாகக் காட்டினாள். தோஷ் உச்சியில் காய்கள் உடைய ஆரம்பித்திருக்கின்றன. கீழே விழுவதில்லை, மரத்திலேயே செதில் செதிலாகப் பிரிந்து காற்றில் போகின்றன. சிறகு வைத்த விதை முற்றம் வரை பறந்து வந்தது. கடைசியில் கிளைமேல் குச்சி மட்டும் நிற்கிறது. முழுக் காய் ஏன் கிடைக்கவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது. ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முகர்ந்தேன். பிறகு பயம் வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இது நல்ல மரம்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் கழுவினேன்.

அக்டோபர் 15

உலகம்மைக்கு இன்று இருமல் கூடுதல். வயிற்றைத் தாங்கிக்கொண்டு இருமினாள். முன்னைப்போல் என்றால் நான் இதற்குள் அடுப்படியில் இருப்பேன். இன்று அந்தப் பக்கம் போகவில்லை. டாக்டர் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கை பட்டு அவளுக்கு ஒன்றும் போகவேண்டாம் என்று இருந்தது.

அவள்தான் முதலில் பேசினாள். "அம்மா, மிளகு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சித் தாயேன்."

"டாக்டரம்மாட்டக் கேக்கணும்ட்டி."

"கேட்டாச்சு. குடிக்கலாம்னு சொல்லிட்டாக. நீ எந்திரி."

போனேன். ஒவ்வொரு மிளகாக எடுத்து முகர்ந்து, கடித்து, உள்ளே வெள்ளையாக இருக்கிறதா, பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் தட்டினேன். நாலைந்து மிளகுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. பாலை ஆற்றிக்கொண்டு வந்து முதலில் நான் ஒரு வாய் குடித்தேன். நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகுதான் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு அவள் எழுந்து உள்ளே போகவில்லை. என் எதிரிலேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து கையை நீட்டினார். "எனக்கு ஒரு மடக்கு?"

"உங்களுக்கு ஒரு சொட்டு கெடையாது" என்றாள் உலகம்மை.

காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு. நிறுத்தவில்லை. அடிமிளகு வரைக்கும் குடித்துவிட்டு, தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து என்னிடம் காட்டினாள்.